கடைசி அடியில் ஒரு பெயர்

தம்புராவின் ஜீவாளி நனைந்திருந்தது. தந்திக்கும் அதைத் தாங்கும் குதிரைக்கட்டைக்கும் நடுவே செருகுகிற பருத்தி நூல்தான் ஜீவாளி. அது சரியாக உட்கார்ந்தால்தான் தந்திக்கு ரீங்காரம் வரும். ராஜமாணிக்கம் அன்று காலையில்தான் நாலு தந்திக்கும் புது நூல் வைத்திருந்தார். இப்போது, விளக்கு வைக்கிற நேரத்தில், உறையை நீக்கி மீட்டினால் சத்தம் சளி கட்டிய தொண்டை மாதிரி அடைத்துக்கொண்டு வந்தது. நூலை உருவினார். சொட்டியது. ஆடி பிறந்து ஒரு தூறல்கூட இல்லை, கூரையும் நல்ல கூரை. நூல் நனைந்திருக்க, அதைத் தாங்கிய மரம் மட்டும் காய்ந்தே கிடந்தது. என்ன நினைத்தாரோ, நூலை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தார். உப்புக் கரித்தது.

விரல் வியர்வை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆனால் திருத்தணி வெயிலில்கூட யார் விரலும் நூல் சொட்டுகிற அளவுக்கு வியர்ப்பதில்லை.

அன்று ஆடிக் கிருத்திகை. ஊரே மலைமேல் இருந்தது. பம்பையும் உடுக்கையும் அரோகராவும் ஒரே இரைச்சலாகத் திரண்டு, படிக்கட்டு வழியே வழிந்து, தெருவுக்கு வரும்போது வெறும் அதிர்வாக மட்டும் சுவரில் முட்டிக்கொண்டிருந்தன. சரவணப்பொய்கைப் பக்கமிருந்து மொட்டையடித்த தலைகளின் சந்தன வாசனையும், மிதிபட்ட காவடிப் பூக்களின் வாசனையும் சூட்டோடு சூடாக ஜன்னல் வழியே வந்துகொண்டிருந்தன. மனைவி கமலா பூக்காவடியோடு மத்தியானமே ஏறிவிட்டாள். மகள் சந்திராவுக்கு மூன்றாவது நாளாகக் காய்ச்சல். அவளுக்காகத்தான் அந்தக் காவடியே. எட்டு வயசுப் பெண், கூடத்து மூலையில் பாயோடு பாயாக ஒட்டிக் கிடந்தாள்.

ரயிலடிக் காபி கிளப்பில் திருவிழாக் கூட்டத்துக்காகக் கிராமபோன் வைத்திருந்தார்கள். காலையிலிருந்து அவர் பாடின பிளேட்டுதான். போன வருஷமெல்லாம் அந்தப் பாட்டு காதில் விழுந்தால் ராஜமாணிக்கம் நடையை மெதுவாக்கி, பக்கத்தில் நடப்பவன் முகத்தைப் பார்ப்பார். இப்போது ஜன்னலைச் சாத்தினார். சாத்தியும் கடைசி அடி கேட்டது. 'தண்ணீரே வழிவிடு, மாணிக்கதாசன் வீட்டுக்கு வா.'

"நைனா." சந்திரா கண்ணைத் திறக்காமலே பேசினாள். "அந்தப் பொண்ணு இன்னும் வாசப்படில நின்னுகினு இருக்குதா?"

"எந்தப் பொண்ணும்மா?"

"நேத்து வந்துச்சே. முந்தாநேத்தும் வந்துச்சு. ஒண்ணும் பேசலை. குளுருது போல, நடுங்கிகினே நின்னுது."

காய்ச்சல் பேச்சு என்று அவர் நெற்றியைத் தடவிக்கொடுத்தார். எழுந்து போய் வாசலையும் பார்த்தார். யாரும் இல்லை. படிக்கல்லில் மட்டும் ஒரு கை அகலத்துக்கு ஈரம் இருந்தது. கல்லின் பகல் சூட்டிலும் அது காயாமல் இருந்தது.

அப்போது அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததை ஒப்புக்கொள்ளத்தான் இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று மதராஸ் காலியான வருஷம், மூட்டை முடிச்சுகளோடு ரயிலடியில் வந்து இறங்கிய கூட்டத்தில் ஒரு தகரப் பெட்டியோடு இறங்கியவள் லிதியா. ருஷ்யாக்காரி. தேசத்தில் சண்டை வந்து கப்பலேறி இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அங்கே பேர் பெற்ற கவியாம். இங்கே தன் வீட்டுப் பின்கட்டு அறையில் குடிவைத்த ஆலம் பீக்கு அவள் வெறும் ருஷ்யாம்மா. ராயபுரத்தில் மீன்காரிகளிடம் கற்ற தமிழ் என்பதால், வெள்ளை வெளேரென்று இருக்கிற அந்த அம்மாள் வாயைத் திறந்தால் கூடைக்காரி பேசுவாள். ஊர் சிரித்தது. ராஜமாணிக்கமும் சிரித்தவர்தான். ஒருநாள் அவள் தன் பாஷையில் ஒரு கவிதையைச் சொல்லக் கேட்டார். ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனால் தொடையில் விரல் தானாகத் தாளம் போட்டது. சாபு தாளம். அப்புறம் அவர் சிரிக்கவில்லை.

கோடை முழுக்க இருவரும் அந்த ஒரு பாட்டைச் செய்தார்கள். அவள் சொல்வாள், அவர் சொல்லின் தாள எடையைப் பிடித்துக்கொள்வார். அவள் அர்த்தம் சொல்வாள், அவர் தமிழில் சாகித்தியம் கட்டுவார். "அது பெரிய வார்த்தை, பாகவதரே. சின்னதா போடு," என்பாள். அவர் கோபித்துக்கொண்டு மாற்றுவார். மாற்றினால் நன்றாக இருக்கும். அது இன்னும் கோபமாக வரும். ஆஹிரி ராகத்தில் பாட்டு உட்கார்ந்தபோது, தன் வாழ்நாளில் இதைவிட நல்லதொன்று செய்யப்போவதில்லை என்று அவருக்குத் தெரிந்தது.

கடைசிச் சரணத்தில் செய்தவர் பெயரை வைப்பது நம் வழக்கம், முத்திரை என்று அதற்குப் பெயர் என்று அவர்தான் சொல்லிக்கொடுத்தார்.

"எத்தினி நாளைக்கு இருக்கும்?" என்று அவள் கேட்டாள்.

"பாட்டைப் பாடறவங்க இருக்கிற வரைக்கும் இருக்கும்."

அவள் தன் தகரப் பெட்டியின் பக்கம் திரும்பினாள். "அப்போ என் பேரு வாணாம். என் பொண்ணு பேரு வெக்கிறியா? எட்டு வயசு. கப்பல்ல போயிட்டா. தண்ணில வுட்டுட்டாங்க. மண்ணுன்னா ஒரு கல்லு வெக்கலாம். தண்ணில எங்க வெக்கிறது?"

ராஜமாணிக்கம் மலையைப் பார்த்துச் சரி என்றார். அந்தப் பெயரைக் கடைசி அடியில் வைத்தார். தண்ணீரே வழிவிடு என்று பாடி, பெண்ணைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, வா, வீட்டுக்கு வா என்று முடிகிற அடி. முதல் தடவை முழுசாகப் பாடியபோது லிதியா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதே வருஷம் மார்கழியில் மதராஸில் பிளேட்டு எடுத்தார்கள். கம்பெனி ஆள் கடைசி அடியில் கையை உயர்த்தினான். "இது இன்னா பேருங்க? சாமி பேரும் இல்ல, நம்ம ஆள் பேரும் இல்ல. உங்க முத்திரையைப் போடுங்க, பாகவதரே." ஒரு நிமிஷம்கூட அவர் தயங்கவில்லை. ரயிலில் போகும்போதே அது அவர் மனசில் இருந்தது, அதுதான் நிஜம். மாணிக்கதாசன் என்பது நீளமான பெயர். இடம் போதாமல் ஒரு 'வா'வையும் எடுத்துவிட்டார். யாருடைய வீட்டுக்கு யாரை வரச் சொல்கிறோம் என்று அன்றைக்கு அவர் யோசிக்கவில்லை.

மாசியில் லிதியா மலைக்காய்ச்சலில் விழுந்தாள். பாட்டைக் கேட்கவேண்டும் என்றாள். போனார், பாடினார். கடைசி அடியில், பழகிப்போன நாக்கு, மாணிக்கதாசன் என்றது. லிதியா கண்ணைத் திறந்தாள். "இன்னா பண்ணிட்ட பாகவதரே," என்றாள். திட்டவில்லை. கேட்டாள். "அவ இப்போ எங்க போவா?"

அப்போது அவருக்கு அந்தப் பெயர் தெரியும். நாக்கு நுனியில் இருந்தது. திரும்ப ஒரு முறை, சரியாக, அரை நிமிஷத்தில் பாடியிருக்கலாம். ஆனால் ஆலம் பீ தலைமாட்டில் நின்றிருந்தாள். திருத்திப் பாடினால் முதலில் பாடியது தவறு இல்லை, திருட்டு என்று ஆகிவிடும். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து வந்துவிட்டார். அன்று சாயங்காலமே அவள் போய்விட்டாள். அரக்கோணத்துக் கிறிஸ்தவர் கல்லறைக்கு எடுத்துப்போனார்கள். அவர் போகவில்லை. வெட்கம் என்று சொன்னால் அது சின்ன வார்த்தை. தான் ஒரு கேவலமான மனுஷன் என்று அன்றிலிருந்து அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே சால்வை வாங்கினார்.

பாடிவிடலாம். இப்போதாவது சரியாகப் பாடிவிடலாம். பேர் சொல்லிக் கூப்பிட்டால் வாசலில் நிற்கிற அது தன் அம்மாவிடம் போகும், சந்திராவை விட்டுவிடும். இந்த எண்ணம் வந்ததும் அவருக்கு உடம்பே லேசாகிவிட்டது. தொடையில் தாளம் போட்டார். தண்ணீரே வழிவிடு என்று மெதுவாக எடுத்தார்.

பேர் வரவில்லை.

அதன் அளவு வந்தது. கனமாக ஒன்று, லேசாக ஒன்று, நீளமாக ஒன்று. தாம், தி, தாம். அந்த அளவுக்குள் இருந்த பேர் வரவில்லை. இத்தனை நாளும் நினைக்கக்கூடாது நினைக்கக்கூடாது என்று ஒதுக்கி ஒதுக்கி வைத்தது, ஒதுங்கியே போய்விட்டிருந்தது.

வாசலில் நிழல் விழுந்தது. அவர் உடம்பு தூக்கிப்போட்டது. ஆலம் பீ. கையில் மூடிய பாத்திரம்.

"புள்ளைக்குக் கஞ்சி எடுத்தாந்தேங்க. கமலா சொல்லிட்டுப் போச்சு." உள்ளே வந்தவள் தரையைப் பார்த்து நின்றாள். "எந்தக் கொழந்தை காலை கழுவிகினு தொடைக்காம உள்ள வந்ததுங்க?"

வாசற்படியிலிருந்து கூடத்துக்குள் மூன்று ஈர அடிகள். சின்னப் பாதம். ஐந்து விரலும் தெளிவாக இருந்தன. மூன்றாவது அடியோடு நின்றிருந்தது.

"ஆலம் பீ." தன் குரலே அவருக்கு யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. "ருஷ்யாம்மா பொண்ணு பேரு... உங்களுக்கு ஞாபகம் இருக்குதா?"

ஆலம் பீ அவரை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வை அவருக்குத் தெரியும். தலைமாட்டில் நின்று பார்த்த அதே பார்வை.

"எங்ககிட்ட சொன்னதே இல்லீங்க. நானும் கேட்டுகினுதான் இருப்பேன். பாட்டுக்குள்ள பத்திரமா வெச்சிட்டேன், இனிமே வெளிய எடுத்துகினு திரியக்கூடாதுன்னுவாங்க." கஞ்சியைக் கீழே வைத்தாள். "உங்களுக்குத்தான் தெரியும்னாங்க. உங்க ஒருத்தருக்குத்தான்."

அவர் அந்த ஈர அடிகளைப் பார்த்தார்.

"வீட்டுல திருவிழா ஜனம் நெறைய இருக்குது. மஃரிபு தொழுகைக்கும் நேரமாச்சு." போகத் திரும்பியவள் நின்றாள். "புள்ளையைத் தூக்கினு போவட்டுமாங்க? என்னமோ உங்க வீடு இன்னிக்கி சரியில்லை. குளுருது."

தூக்கிக்கொண்டு போ என்று சொல்லியிருக்கவேண்டும். சொன்னால் ஏன் என்று கேட்பாள். அந்தப் பார்வையை இன்னொரு தரம் அவரால் தாங்கமுடியாது. "வேணாம். கமலா வந்துடுவா," என்றார்.

அவள் போனபின் வீடு இருட்டிக்கொண்டு வந்தது. சீமெண்ணெய் ரேஷன் என்பதால் வீட்டில் ஒரே ஒரு சிம்னி விளக்கு; அதிலும் அடியில் கொஞ்சம்தான் இருந்தது. ஏற்றினார். மஞ்சளாகக் கொஞ்சம் வெளிச்சம் பாய் வரைக்கும் போய் நின்றது. ஆலம் பீ சொன்னது சரி, குளிர்ந்தது. மலைக்காற்றின் குளிர்ச்சி இல்லை அது, ஆழத்திலிருந்து எடுத்த இரும்புச் சங்கிலியைக் கையில் பிடித்தாற்போல எலும்பு வரை ஏறுகிற சில்லிப்பு. அதோடு ஒரு வாசனை, தார் பூசின கயிறு, ஊறிப்போன கம்பளி, அதற்கடியில் லேசாக, கொதிக்கிற பாலில் உப்பு விழுந்தாற்போல ஏதோ ஒன்று திரிந்த வாசனை. மலைமேல் அரோகரா எழுந்தது. அது அடங்கிய இடைவெளியில் சொட்டுச் சத்தம் கேட்டது. முற்றத்தில் இல்லை. கூடத்துக்குள்.

சந்திரா முனகினாள். உடம்பு அனலாகக் கொதித்தது. உதடு மட்டும் நீலமாக இருந்தது.

"உள்ள வந்துடுச்சு நைனா," என்றாள்.

அவர் தம்புராவைத் தொடவில்லை. பாயின் பக்கத்தில், மகளுக்கும் வாசலுக்கும் நடுவில் உட்கார்ந்தார். இருட்டைப் பார்த்துக் கும்பிட்டார். அடுத்தவர் பெண்ணின் பேரைத் தின்றவன் நான்தான், என் பெண்ணை ஒன்றும் செய்யாதே என்று வேண்டினார். அழுகை வந்தது. அழுகையோடு பாடத் தொடங்கினார், பல்லவியிலிருந்து, ஒரு சங்கதி விடாமல். முப்பது வருஷம் பாடிய வாழ்க்கையில் அவர் இவ்வளவு உண்மையாகப் பாடியதில்லை. பாடிக்கொண்டே போனால் பேர் தானாக வந்து விழும். எத்தனையோ தரம் மறந்த சாகித்தியம் அப்படி விழுந்திருக்கிறது. தாளத்தில் நாக்கை விட்டுவிட்டால் போதும்.

சரணம் வந்தது.

தண்ணீரே வழிவிடு. பேர் வரவேண்டிய இடத்தில் வாய் திறந்து நின்றது. தாம், தி, தாம். வெறும் மூச்சு. வா, வீட்டுக்கு வா.

விளக்கு வெளிச்சத்தின் ஓரத்தில் நாலாவது ஈர அடி விழுந்தது.

அவர் பாதத்தைத்தான் பார்த்தார். மேலே பார்க்கவில்லை.

திரும்ப எடுத்தார். தண்ணீரே வழிவிடு. வெறும் மூச்சு. வா, வீட்டுக்கு வா.

ஐந்தாவது அடி. இப்போது மூச்சுச் சத்தமும் கேட்டது. ஈரமான மூச்சு. பொறுமையாக இருந்தது. தன் முறைக்காகக் காத்திருக்கிற குழந்தையின் மூச்சு. அதற்குக் கோபமே இல்லை. 

நிறுத்திவிடலாம். நிறுத்தினால் அது என்ன செய்யும்? கை தொடையில் தட்டிக்கொண்டே இருந்தது. தாளம் யாருக்காகவும் நிற்பதில்லை. மறுபடி அடி திரும்பியது. தண்ணீரே வழிவிடு. பேர். பேர் வேண்டும். முருகா, ஒரு பேர். கனமாக ஒன்று. லேசாக ஒன்று. நீளமாக ஒன்று. இந்தத் தரம் வாய் வெறுமனே நிற்கவில்லை. முப்பது வருஷம் பழகிய வாய், காலி இடம் விடத் தெரியாத வாய். அளவுக்குச் சரியாக ஒரு பேர் அதில் எப்போதும் இருந்தது. காலையில் எழுந்தால் கூப்பிடுகிற பேர். சாப்பிடக் கூப்பிடுகிற பேர்.

"சந்திரா, வா, வீட்டுக்கு வா."

பாடி முடித்தபின்தான் அவர் காதில் அது விழுந்தது.

சொட்டுச் சத்தம் நின்றது.

"ஆங், நைனா," என்றது வாசற்பக்கத்து இருட்டு. சந்திராவின் குரல். காய்ச்சலில்லாத, தூங்கி எழுந்த, நல்ல குரல். "வந்துட்டேன்."

இல்லை, இல்லை என்று அவர் சொல்ல நினைத்தார். வெளியே கொலுசுச் சத்தம். கமலா. நெற்றி நிறைய விபூதியோடு, களைப்பும் சந்தோஷமுமாக வாசலில் வந்து நின்றவள், குனிந்து எதையோ பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"ஏண்டி, எழுந்து வந்துட்டியா? ஜொரம் வுட்டுடுச்சா? இன்னாடி இது, தலையெல்லாம் நனைஞ்சி கெடக்குது." அதை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "முருகன் கண்ணைத் தொறந்துட்டாருங்க. பாருங்க, உடம்பு எப்படி சில்லுனு இருக்குது."

அது கமலாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தது. ஈர முடி அவள் முதுகு வரை தொங்கியது. கமலா கூடத்தைத் தாண்டி உள்ளே போனாள். போகும்போது பாயின் ஓரத்தை மிதித்தாள். கீழே பார்க்கவில்லை. பாய் காலியாக இருப்பதுபோலத்தான் மிதித்தாள்.

ராஜமாணிக்கம் திரும்பினார்.

பாயில் பெண் எழுந்து உட்கார்ந்திருந்தாள். அம்மா போன பக்கம் பார்த்தாள். அப்புறம் அவரைப் பார்த்தாள். வாய் அசைந்தது. நைனா என்று அசைந்தது. சத்தம் இல்லை. அவள் அடியில் பாய் கறுத்துக்கொண்டே வந்து, ஊறி, கோரை இடுக்குகளில் தண்ணீர் கசியத் தொடங்கியிருந்தது.

உள்ளே கமலா துண்டால் தலை துவட்டுகிற சத்தமும், கூச்சத்தில் ஒரு குழந்தை கிளுகிளுவென்று சிரிக்கிற சத்தமும் கேட்டன. "சந்திரா, ஆடாம நில்லுடி," என்றாள் கமலா.

பாயில் இருந்தவள் தூக்கச் சொல்லி இரண்டு கையையும் அவரை நோக்கி நீட்டினாள். தண்ணீர் அவள் இடுப்புக்கு ஏறியிருந்தது. பாய்க்கு வெளியே தரையில் துளி ஈரம் இல்லை. அவளைச் சுற்றி மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. அவளைக் கூப்பிட வாயைத் திறந்தார். இவளுக்கென்று ஒரு பேர் வரவில்லை. கனமாக ஒன்று, லேசாக ஒன்று, நீளமாக ஒன்று. கை மட்டும் தொடையில் தட்டிக்கொண்டிருந்தது. அவள் கைகளை நீட்டியபடியே, அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.